நாலு சக்கரமும் இழுக்கும்... நாலு சக்கரமும் வழுக்கும்!

இந்த வாரப் பகுதியை ஒரு கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்.

"என் மகன் ஆறு மாதத்துக்கு முன் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினான். மகள் வால்பாறையில் டீச்சராக இருக்கிறாள். மாதம் ஒரு தடவையாவது மலைக்குப் போய் வருவோம். போன மாதம் இறங்கும்போது நல்ல மழை. பின் சீட்டில் நானும், ஐந்து மாத கர்ப்பிணியான மருமகளும். வளைவுக்கு வளைவு வண்டி சாய்கிறது. 'மெதுவாப் போடா' என்றேன். 'இது ஃபோர் வீல்மா, வழுக்கவே வழுக்காது. நீ பயப்படாம கண்ணை மூடிக்கிட்டு உட்காரு' என்றான். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அவன் சொல்வது உண்மையா, பொய்யா என்றும் தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடி போக வேண்டும். அவனிடம் என்ன சொல்வது?"

சகோதரி, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையை முழு உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறார். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நம்பினேன். அதனால் அவரைக் குறை சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கொல்லிமலையில் நான் கற்ற பாடம்

பல வருடங்களுக்கு முன், நண்பரின் பழைய ஃபோர் வீல் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போனேன். காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. அன்று நல்ல மழை. வழியில் ஒரு வாடகை வேன் ஏற முடியாமல், பின் சக்கரம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றது. நான் லீவரைத் தள்ளி நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்தேன். வண்டி பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு ஏறியது. பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா!" என்று மனைவியிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் இறக்கம். லேசான தூறல்தான். நேற்று ஏற்றத்தில் காட்டிய அதே தைரியம். மூன்றாவது கியரில், பேசிக்கொண்டே இறங்குகிறேன். ஒரு வளைவு திரும்ப வேண்டிய நேரத்தில் எதிரே பஸ். பிரேக்கை அழுத்தினேன். சக்கரங்கள் நின்றன. ஆனால் வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும், சோப்புக்கட்டி மாதிரி நேராகப் போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

பின்னால் இருந்து என் மகள் கேட்டாள்: "அப்பா, ஏன் திருப்பல?"

அவளுக்கு அப்போது ஏழு வயது. அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதிலைச் சொன்னவர், பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த டிரைவர். என் டயரைப் பார்த்தார், உள்ளே லீவரைப் பார்த்தார். கோபப்படாமல் சொன்னார்: "நாலு வீலும் இழுக்கும் சார், சரி. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு வீல்லதானே இருக்கு?"

இந்த ஒரு வரிக்குள் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. இனி எழுதப்போவது அதற்கான விளக்கம் மட்டுமே.

டயரின் சம்பளக் கணக்கு

ஒரு வண்டி சாலையைத் தொடும் இடம் நான்கே நான்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அகலம். வண்டி கிளம்புவது, திரும்புவது, நிற்பது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பை வைத்துத்தான்.

இந்தப் பிடிப்பை வீட்டுக்கு வரும் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை இவ்வளவுதான். அதிலிருந்து மூன்று செலவு: முன்னே தள்ளுவதற்கு ஒன்று, திருப்புவதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று. திருப்பத்துக்கு முழுவதையும் செலவழித்துவிட்டால், பிரேக்குக்குக் கையில் எதுவும் இருக்காது. மழை பெய்தால் சம்பளமே ஏறக்குறைய பாதியாகிவிடும். செலவு மட்டும் அப்படியே இருக்கும்.

சாதாரண காரில் தள்ளுகிற செலவை இரண்டு சக்கரங்கள் மட்டும் சுமக்கின்றன. ஈரமான ஏற்றத்தில் அந்த இரண்டும் திணறிச் சுற்றும். ஆல் வீல் டிரைவ் வண்டியில் அதே செலவை நான்கு சக்கரங்களும் பங்குபோட்டுக் கொள்கின்றன. அதனால் ஏற்றத்தில், சேற்றில், மணலில் வண்டி சுலபமாகக் கிளம்புகிறது. இதுதான் உங்கள் மகன் சொல்லும் பாதி உண்மை.

மீதிப் பாதி இது: பங்கு பிரிப்பதால் சம்பளம் உயர்ந்துவிடாது. நிற்கவும் திரும்பவும் தேவைப்படும் பிடிப்பு, டயருக்கும் சாலைக்கும் இடையில் உள்ளது. எத்தனை சக்கரத்துக்கு இன்ஜின் இழுவை போகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, இந்த வகை வண்டிகளில் கூடுதல் ஆக்ஸில், ஷாஃப்ட், கியர்கள் இருப்பதால் எடையும் கூடுதல். எடை கூடினால் இறக்கத்தில் பிரேக் பட வேண்டிய பாடும் கூடும். பெரும்பாலானவை உயரமான வண்டிகள் வேறு. திருப்பத்தில் அதிகம் சாயும். கேரியரில் மூட்டை ஏற்றினால் இன்னும் சாயும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஈரமான தார்ச் சாலையில், நல்ல டயரோடு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், அதற்குள் 11 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க இன்னும் ஏறக்குறைய 16 மீட்டர். மொத்தம் 27 மீட்டர். அதே சாலையில் 60 என்றால் 17-ம் 35-ம் சேர்ந்து 52 மீட்டர். வேகம் கூடியது ஒன்றரை மடங்கு. தூரம் கூடியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இது சமதளக் கணக்கு. இறக்கத்தில் இன்னும் நீளும்.

வளைவிலும் இதே கதைதான். கொண்டை ஊசி வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும்போது டயரிடம் கேட்கும் பிடிப்பை ஒரு பங்கு என்று வைத்தால், 30-ல் திரும்பும்போது இரண்டே கால் பங்கு கேட்கிறோம். ஸ்பீடாமீட்டரில் முள் பத்து கோடுதான் நகர்ந்திருக்கும். குறுகலான வளைவில், ஈரச் சாலையில், வழுக்குவதற்கும் வழுக்காமல் போவதற்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பத்துதான்.

மணி அடிக்காத கடிகாரம்

ஆல் வீல் டிரைவின் உண்மையான ஆபத்து அதன் பலவீனத்தில் இல்லை, பலத்தில் இருக்கிறது.

சாதாரண காரில் ஈரச் சாலையில் கொஞ்சம் வேகமாக ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சக்கரம் 'சர்ர்' என்று சுற்றும். எரிச்சலாக இருக்கும். ஆனால் அது ஒரு எச்சரிக்கை மணி. "ரோடு வழுக்குது, பார்த்துப் போ" என்று வண்டி நமக்குச் சொல்கிறது. நாமும் வேகத்தைக் குறைக்கிறோம்.

நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் அந்த மணி அடிப்பதே இல்லை. எவ்வளவு ஈரமானாலும் சிரமமில்லாமல் கிளம்புகிறது, சிரமமில்லாமல் வேகம் பிடிக்கிறது. சாலை எவ்வளவு வழுக்கலாக இருக்கிறது என்பது முதன்முதலில் தெரியவருவது பிரேக்கை அழுத்தும்போது. அல்லது வளைவில் திரும்பும்போது. அதற்குள் வேகம் ஏறியிருக்கும். கொல்லிமலையில் எனக்கு நடந்தது அதுதான். முதல்நாள் ஏற்றம் என்னை ஏமாற்றிவிட்டது.

ஆகவே இப்படிப்பட்ட வண்டி வைத்திருப்பவர்கள் அந்த மணியைத் தாங்களே அடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையடிவாரத்தில், பின்னால் வண்டி எதுவும் வராத நேரான இடத்தில், 20 கிலோமீட்டர் வேகத்தில் ஒருமுறை பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பெடல் காலுக்கடியில் 'டக்டக்' என்று துடித்தால் ஏபிஎஸ் வேலை செய்கிறது. அந்தக் குறைந்த வேகத்திலேயே அது துடிக்கிறது என்றால், சாலை நன்றாக வழுக்குகிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு முன் பின்னால் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் வண்டி எந்த ரகம்?

'ஃபோர் வீல்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே இரண்டு ரகம் இருக்கிறது. ஓட்டும் முறையும் வேறு.

முதல் ரகம், தேவைப்படும்போது மட்டும் நாமே போடுவது. தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் கியர் லீவருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி லீவர் இருக்கும். 2ஹெச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4ஹெச் என்றால் நான்கும். 4எல் என்றால் நான்கும் இழுக்கும். வேகம் குறைந்து, இழுவை பல மடங்காகும்.

இந்த ரகத்தில் 4ஹெச் போட்டால் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றிலோ மணலிலோ டயர் கொஞ்சம் நழுவி அந்த வித்தியாசத்தைச் சமாளித்துவிடும். காய்ந்த தார் ரோட்டில் நழுவ இடமில்லை. ஸ்டீயரிங் இறுகும், வண்டி திரும்ப மறுக்கும், உள்ளே கியர்கள் முறுக்கிக்கொள்ளும். எனவே காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் போடக் கூடாது. மழையிலும், தார் ரோட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் அதனால் கிடைக்கும் லாபம் குறைவு. முன்பக்கம் திரும்பத் தயங்கும் என்பதால் சில நேரம் நஷ்டம்தான்.

இரண்டாவது ரகம், எப்போதும் தயாராக இருப்பது. இதைத்தான் ஆல் வீல் டிரைவ் என்கிறார்கள். முன்பு வந்த டஸ்டர், இப்போது வரும் கிராண்ட் விட்டாராவின் ஆல் வீல் மாடல் ஆகியவை இந்த வகை. சாதாரண நேரத்தில் பெரும்பாலும் முன் சக்கரங்கள் இழுக்கும். அவை நழுவத் தொடங்கினால், நடுவில் இருக்கும் ஒரு கிளட்ச் கம்ப்யூட்டர் உத்தரவில் பின் சக்கரங்களுக்கும் இழுவை அனுப்பும். தார் ரோட்டில் தாராளமாக ஓட்டலாம். 'ஆட்டோ'வில் விட்டுவிட்டால் போதும். 'லாக்' என்ற பொத்தான் சேறு, மணலில் மாட்டிக்கொண்டால் மெதுவாக வெளியே வருவதற்கு மட்டும்.

வாசகி எழுதியதை வைத்து மகனின் வண்டி எந்த ரகம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் இதற்கென்று சில பக்கங்கள் இருக்கும். அந்தப் புத்தகம் பெரும்பாலான வண்டிகளில் டேஷ்போர்டு பெட்டிக்குள் கவர் பிரிக்காமல் தூங்குகிறது!

இறக்கத்தில் கியரே பிரேக்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது தவறு செய்தால் வண்டி பெரும்பாலும் திணறி நின்றுவிடும். இறங்கும்போது செய்யும் தவறு அப்படி மன்னிக்காது.

'எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு' என்பது பழைய டிரைவர்களின் பாடம். ஆல் வீல் டிரைவ் வந்தும் அது மாறவில்லை. இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். பிரேக் வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்க மட்டும் போதும். நியூட்ரலில் இறங்கி டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. அது மிச்சமல்ல, சூதாட்டம்.

ஆட்டோமேட்டிக் வண்டியில் 'டி'யில் போட்டுவிட்டுப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. மேனுவல் மோடுக்கோ, 'எல்' அல்லது '2'-க்கோ மாற்றிக்கொள்ள வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, கருகிய வாடை வரும். பெடல் மிருதுவாக அமுங்கத் தொடங்கும். அப்படி வந்தால் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

வளைவில் மூன்று காரியங்களையும் வரிசையாகச் செய்யுங்கள். முதலில் பிரேக், நேரான ரோட்டிலேயே. பிறகு திருப்பம். வளைவு முடிந்து ஸ்டீயரிங் நேரானதும் ஆக்ஸிலரேட்டர். மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டால் டயரின் சம்பளம் பற்றாது. ஆல் வீல் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கையில் வளைவின் நடுவிலேயே ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது பலருக்கும் உள்ள பழக்கம். வண்டி உள்பக்கம் திரும்பாமல் வெளிப்பக்கம் விலகிப் போகும். மலையில் வெளிப்பக்கம் என்றால் ஒன்று பள்ளம், அல்லது எதிரே வரும் பஸ்.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர் நின்று விட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல, சட்டமும் அதுதான்.

மூடுபனி இருந்தால் டிம் லைட் போடுங்கள். பிரைட் போட்டால் பனியே வெள்ளைத் திரையாகிக் கண்ணை மறைக்கும். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் எரியவிடும் பழக்கமும் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அந்த மலையில் வரையாடும் ரோட்டுக்கு வரும், யானையும் வரும். தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் டிராக்டர் டயரில் ஒட்டிய மண், மழையில் பசை மாதிரி ரோட்டில் கிடக்கும். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று நாலு சக்கரத்துக்கும் தெரியாது.

இவ்வளவுக்கும் பிறகு வழுக்கிவிட்டால்? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள், பள்ளத்தைப் பார்க்காதீர்கள். கண் போகும் பக்கம்தான் கை போகும். ஏபிஎஸ் இருந்தால் பிரேக்கை அழுத்தியபடியே வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பெடல் துடித்தால் பயந்து காலை எடுக்காதீர்கள். என் கொல்லிமலை வண்டி போல ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டியானால், பிரேக்கை ஒரு கணம் விட்டால்தான் சக்கரம் உருண்டு வண்டி திரும்பும். பிறகு மறுபடி மிதிக்கலாம். அன்று எனக்கு அது தெரியாது. மகளின் கேள்விக்குப் பதில் அதுதான்: நின்றுபோன சக்கரம் திரும்பாது கண்ணு.

தரைப்பாலமும் தைரியமும்

மலையைவிட இந்த வண்டிகளை அதிகம் ஏமாற்றுவது தண்ணீர். 2023 டிசம்பரில் பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்து போன வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆல் வீல் வண்டி மட்டும் மிதக்காதா?

கணக்குப் போடுவோம். 4 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம் உள்ள வண்டி. தண்ணீர் அதன் அடித்தட்டைத் தொட்ட பிறகு, ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 600 கிலோ எடையைத் தண்ணீர் தூக்கிவிடும். 1,700 கிலோ வண்டி என்றால் அடித்தட்டுக்கு மேல் 30 சென்டிமீட்டர்கூடத் தேவையில்லை. தரையிலிருந்து அளந்தால் அரை மீட்டர். நம் முழங்கால் உயரம்! உள்ளே தண்ணீர் புகுவதற்கு முன் அந்த ஆழத்துக்குப் போனால் டயர் தரையை அழுத்தாது. தரையைத் தொடாத சக்கரம் இரண்டாக இருந்தால் என்ன, நான்காக இருந்தால் என்ன?

ஓடுகிற தண்ணீர் என்றால் இவ்வளவு ஆழம்கூட வேண்டாம். எடை பாதி குறைந்த வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். கம்பெனி சொல்லும் 'இத்தனை மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம்' என்ற அளவை ஓடும் ஆற்றுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால் காத்திருங்கள், அல்லது சுற்றிப் போங்கள். முன்னால் பஸ் போனது என்பதற்காகப் பின்னால் போக வேண்டாம். பஸ்ஸின் எடை வேறு. தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். ஆட்களை இறக்கி மேட்டுக்குக் கூட்டிப் போங்கள். வண்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கடந்து வெளியே வந்தாலும், முதல் சில மீட்டர் லேசாகப் பிரேக் பிடித்து அதை உலர்த்திக்கொள்ளுங்கள்.

டயர்: நால்வரும் உடன்பிறப்புகள்

பிடிப்பெல்லாம் டயரில்தான் என்றால், முதல் கவனமும் டயருக்குத்தான். பள்ளத்துக்குள் குட்டி மேடு மாதிரி ஓர் அடையாளம் இருக்கும். கார் டயர்களில் அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், அது சட்டப்படியும் மொட்டை டயர்தான். மலைக்கும் மழைக்கும் அவ்வளவு தேயும்வரை காத்திருக்க வேண்டாம். பள்ளம் 3 மில்லிமீட்டராகக் குறையும்போதே மாற்றிவிடுவது நல்லது. தண்ணீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் அந்தப் பள்ளங்கள்தான். அவை தூர்ந்துபோனால் வேகத்தில் டயர் தண்ணீரின் மேல் மிதக்கும்.

ஆல் வீல் வண்டிக்கென்று ஒரு தனி விதி உண்டு. நான்கு டயரும் ஒரே சைஸ், ஒரே ரகம், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு. அதனால் அது கொஞ்சம் அதிகமாகச் சுற்றும். இரண்டு புதிது, இரண்டு பழையது என்று போட்டால், நேர் ரோட்டிலும் சக்கரம் நழுவுவதாக நினைத்து நடுவிலிருக்கும் கிளட்ச் ஓயாமல் வேலை செய்து சூடாகும். மிச்சம் பிடித்த டயர் காசைவிட அதைச் சரிசெய்யும் செலவு பல மடங்கு. டயர்களைக் குறித்த கிலோமீட்டரில் இடம் மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றாகத் தேயும். ஸ்டெப்னி சிறிய சைஸாக இருந்தால், பஞ்சர் கடை வரைக்கும் மட்டும் பயன்படுத்துங்கள்.

வண்டி நின்றுபோய் இழுத்துப் போக வேண்டி வந்தால், இரண்டு சக்கரத்தைத் தூக்கி இரண்டைத் தரையில் உருட்டிக்கொண்டு போக விடாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும்படியான பிளாட்பெட் வண்டியைக் கேளுங்கள். மீட்க வருபவரிடம் "இது ஆல் வீல் டிரைவ்" என்று போனிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மணலில் மாட்டியவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: சக்கரத்தைச் சுற்றச் சுற்றக் குழிதான் ஆழமாகும். டயரில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால், டயர் அகலமாகி மணல் மேல் நிற்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை மறுபடி நிரப்ப வேண்டும். காற்று குறைந்த டயரோடு வேகமாகப் போனால் டயர் சூடாகி வெடிக்கும்.

அம்மா என்ன சொல்லலாம்?

சகோதரி, மறுபடி உங்களிடம் வருகிறேன்.

ஓடும் வண்டியில், வளைவின் நடுவில் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் காது கேட்காது, கோபம்தான் வரும். புறப்படும் நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம், காபி கொடுத்துவிட்டு மகனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தெரியாதவர் கேட்பதாகவே கேளுங்கள்.

"தம்பி, இந்த வண்டியில நாலு சக்கரமும் இழுக்கும்னு சொன்னியே, நிக்கிறதுக்கு மத்த வண்டியைவிட இதுல என்ன கூடுதலா இருக்கு?"

"இறங்கும்போது எந்த கியர்ல வருவே?"

"டயர்ல அந்தக் குட்டி மேடு எங்கே இருக்கு, எனக்குக் காட்டு."

முதல் கேள்விக்கு நேர்மையான பதில் 'ஒன்றுமில்லை' என்பதுதான். அதை அவரே தன் வாயால் சொன்னால் போதும். நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அது அதிகம் வேலை செய்யும்.

பிறகு மருமகளைப் பற்றிப் பேசுங்கள். கர்ப்பிணிகள் சீட் பெல்ட் போடலாமா என்ற சந்தேகம் பல வீடுகளில் இருக்கிறது. கட்டாயம் போட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படிந்திருக்க வேண்டும். மேல்பட்டை மார்பின் நடுவாக, வயிற்றுக்குப் பக்கவாட்டில் போக வேண்டும். வயிற்றின் குறுக்கே எந்தப் பட்டையும் வரக் கூடாது. பின் சீட்டில் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். அன்று கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தையே ஒரு நாள் தள்ளிவையுங்கள். மகளிடம் போனில் சொன்னால் புரிந்துகொள்வாள்.

உங்கள் மகன் வாங்கியது நல்ல வண்டி. அதில் சந்தேகமே வேண்டாம். சேற்றில் மாட்டாமல், ஏற்றத்தில் திணறாமல், உங்களை மகள் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்கும். திரும்பி வரும் 40 வளைவுகளில் உங்களைக் காப்பாற்றப்போவது அவருடைய வலது காலின் பொறுமை. அந்தக் காலுக்குச் சொந்தக்காரரிடம் பேசும் உரிமை உங்களைவிட யாருக்கு அதிகம்?

போய்விட்டு வந்து ஒரு வரி எழுதுங்கள். நானும் இந்தப் பகுதியின் வாசகர்களும் காத்திருப்போம்.